எடையில்லாத சரக்கு, விலை ரூ.4,999!

டவுன்லோடு விளையாட்டுகளின் விலை ஏறுவது ஏன்?

விலை சொல்வதில் விருதுநகர் வியாபாரிகளை மிஞ்ச ஆள் இல்லை.

துவரை, உளுந்து, மல்லி, வத்தல், எண்ணெய் என்று எந்தச் சரக்கானாலும், "விருதுநகர் மார்க்கெட் நிலவரம் என்ன?" என்று மற்ற ஊர்க்காரர்கள் கேட்பார்கள். அந்த விலைப் பட்டியல் பத்திரிகைகளிலும் வெளிவரும்.

அங்கே சரக்கைக் கையில் அள்ளிப் பார்ப்பார்கள். முகர்ந்து பார்ப்பார்கள். மூட்டையை எடை போடுவார்கள். பிறகுதான் விலை பேசுவார்கள்.

இப்போது ஒரு புதிய சரக்கு வந்திருக்கிறது. அதைக் கையில் அள்ள முடியாது. எடை போட முடியாது. மூட்டை கட்டவும் முடியாது. ஆனால் விலை மட்டும் ஏறுகிறது!

டெலிவிஷனோடு இணைத்து ஆடும் பெட்டிக்காக, இன்டர்நெட் மூலம் இறக்கிக்கொள்ளும் வீடியோ விளையாட்டுதான் அந்தச் சரக்கு.

"எங்கேய்யா சாமான்?"

விருதுநகரை அடுத்த சூலக்கரையில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். வெளியூரில் வேலை பார்க்கும் மாமா, பையனுக்கு ஒரு விளையாட்டுப் பெட்டி வாங்கிக் கொடுத்திருக்கிறார். பெட்டி வந்துவிட்டது. ஆட விளையாட்டு வேண்டாமா?

"அம்மா, ஒரு கேம் வாங்கணும்."

"எவ்வளவுய்யா?"

"4,999 ரூபாய்."

தாய்க்குத் தூக்கிவாரிப் போட்டது.

"எந்தக் கடையிலே? எப்போ கொண்டு வருவாங்க?"

"யாரும் கொண்டு வர மாட்டாங்கம்மா. டவுன்லோடுதான்."

"அப்போ, ஐயாயிரம் ரூபாய் கொடுத்தா வீட்டுக்குள்ளே வர்ற சாமான் எங்கேய்யா?"

தாய் கேட்டது நியாயமான கேள்விதான்.

ஐயாயிரம் ரூபாய் சின்னத் தொகை அல்ல. நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2025-26-ம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டில் நிர்ணயிக்கப்பட்ட தினக்கூலி ரூ.336. அந்தக் கூலியில் 15 நாள் மண் வெட்டினால், ஒரே ஒரு விளையாட்டு வாங்கலாம்!

விலை ஏறிய கதை

அமெரிக்காவில் 2005-ம் ஆண்டு முதல், பெரிய விளையாட்டு ஒன்றின் விலை 60 டாலர் என்று இருந்து வந்தது. 15 ஆண்டுகள் அந்த விலை அசையவில்லை.

2020-ம் ஆண்டில் அது 70 டாலர் ஆயிற்று. அந்த ஆண்டில்தான் சோனி கம்பெனியின் "பிளேஸ்டேஷன் 5" பெட்டி வெளிவந்தது. இந்தியாவிலும் விலை ஏறியது. பழைய பெட்டிக்கு ரூ.3,999 என்று விற்ற பெரிய விளையாட்டுகள், புதிய பெட்டிக்கு ரூ.4,999 ஆகிவிட்டன.

2025 ஜூன் மாதம் ஜப்பானின் நின்டெண்டோ கம்பெனி, "மரியோ கார்ட் வேர்ல்டு" என்ற விளையாட்டுக்கு 80 டாலர் விலை வைத்தது. மைக்ரோசாப்ட் கம்பெனியும் 80 டாலர் என்று அறிவித்தது. ஆனால் ஜூலை மாதத்தில் பின்வாங்கி, 70 டாலருக்கே திரும்பியது.

மாதச் சந்தா கட்டி ஆடுகிறவர்களும் தப்பவில்லை. 2025 அக்டோபரில் மைக்ரோசாப்டின் உயர்ந்த வகைச் சந்தா, இந்தியாவில் மாதம் ரூ.829-ல் இருந்து ரூ.1,389 ஆனது.

தீப்பெட்டி சொன்ன கணக்கு

சிவகாசி வட்டாரத்து மக்களுக்கு விலையேற்றம் புதிது அல்ல. 2007 முதல் ஒரு ரூபாய்க்கு விற்ற தீப்பெட்டி, 14 ஆண்டுகளுக்குப் பிறகு, 2021 டிசம்பர் 1-ந் தேதி 2 ரூபாய் ஆயிற்று.

ஏன் என்று கேட்டவர்களுக்கு, தீப்பெட்டி உற்பத்தியாளர்கள் கணக்கு சொன்னார்கள். ரூ.425 விற்ற சிவப்பு பாஸ்பரஸ் ரூ.810 ஆகிவிட்டது. ரூ.58 விற்ற மெழுகு ரூ.80 ஆகிவிட்டது. மேல்பெட்டி அட்டை ரூ.36-ல் இருந்து ரூ.55 ஆகிவிட்டது. காரணம் கண்ணுக்குத் தெரிந்தது.

டவுன்லோடு விளையாட்டில் பாஸ்பரஸ் இல்லை. மெழுகு இல்லை. அட்டையும் இல்லை. ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, லாரி வாடகை எதுவும் இல்லை. பிறகு ஏன் இந்த விலை?

ரூ.1,800 கோடி!

செலவு இல்லாமல் இல்லை. அதில் பெரும்பகுதி ஆள் செலவு.

2023-ம் ஆண்டு அமெரிக்கக் கோர்ட்டில் நடந்த ஒரு வழக்கில் இந்த ரகசியம் வெளிவந்தது. "தி லாஸ்ட் ஆப் அஸ் பார்ட் 2" என்ற விளையாட்டைத் தயாரிக்க 22 கோடி டாலர் செலவானதாம். அன்றைய மதிப்பில் சுமார் ரூ.1,800 கோடி! படம் வரைபவர்கள், இசை அமைப்பவர்கள், கம்ப்யூட்டர் நிபுணர்கள் என்று நூற்றுக்கணக்கானோர் பல ஆண்டுகள் உழைக்கிறார்கள்.

ஆனால் இதில் ஒரு விசித்திரம் உண்டு. இரண்டாவது தீப்பெட்டி செய்ய, முதல் பெட்டிக்கு ஆன அதே குச்சியும் மருந்தும் வேண்டும். இரண்டாவது விளையாட்டுப் பிரதிக்கோ செலவு இல்லை என்றே சொல்லலாம். எனவே, "என்ன செலவாயிற்று?" என்று பார்த்து மட்டும் இங்கே விலை வைப்பதில்லை. "வாங்குகிறவர் எவ்வளவு கொடுப்பார்?" என்று பார்த்தும் வைக்கிறார்கள்.

ரூ.4,999-ல் சுமார் ரூ.760 ஜி.எஸ்.டி. வரி. அது 18 சதவீதம். பிற கம்பெனிகள் தயாரித்த விளையாட்டாக இருந்தால், மிச்சத்தில் 30 சதவீதம் அதை விற்கும் இன்டர்நெட் கடைக்குக் கமிஷன்.

ஊருக்கு ஒரே கடை

"பிளேஸ்டேஷன் 5" இந்தியாவில் 2021 பிப்ரவரி 2-ந் தேதி விற்பனைக்கு வந்தபோது இரண்டு வகை இருந்தது. டிஸ்க் போட்டு ஆடும் பெட்டி ரூ.49,990. டிஸ்க் போட இடம் இல்லாத பெட்டி ரூ.39,990.

பத்தாயிரம் ரூபாய் மிச்சம் என்று தோன்றும். உண்மையில் அப்படியா?

டிஸ்க் என்றால் நாலு கடையில் விலை கேட்கலாம். ஆடி முடித்த பிறகு பாதி விலைக்காவது விற்கலாம். நண்பனிடம் இரவல் வாங்கலாம். டிஸ்க் இல்லாத பெட்டிக்கோ ஒரே கடை. அது கம்பெனியின் கடை. பேரம் இல்லை. இரவல் இல்லை. பழசை வாங்குவாரும் இல்லை.

இதனால் விலை கூடுகிறது என்று, இங்கிலாந்தில் சோனி மீது 2022-ம் ஆண்டு வழக்கே போடப்பட்டது. சுமார் 90 லட்சம் பேர் சார்பில் கேட்கப்பட்ட தொகை 500 கோடி பவுண்டு!

வாங்கியது சொந்தமா?

இன்னொரு விஷயமும் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். பணம் கொடுத்து டவுன்லோடு செய்த விளையாட்டு உங்கள் சொத்து அல்ல. ஆடுவதற்கு அனுமதி, அவ்வளவுதான். இதை வாங்குகிறவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று கலிபோர்னியா மாநிலத்தில் சட்டமே வந்திருக்கிறது. 2025 ஜனவரி 1 முதல் அது அமலில் இருக்கிறது.

2014-ல் வெளிவந்த "தி குரூ" என்ற கார் பந்தய விளையாட்டை, பிரெஞ்சுக் கம்பெனியான யூபிசாப்ட் 2024 மார்ச் 31-ந் தேதி நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கியவர்களும் அதன் பிறகு ஆட முடியவில்லை!

என்ன செய்யலாம்?

பட்டாசு விலைப் பட்டியலில் ஒரு விலை இருக்கும். தள்ளுபடி போக விற்பது வேறு விலை. இது சிவகாசிப் பக்கத்துக் குழந்தைக்கும் தெரியும். விளையாட்டுக் கடையும் அப்படித்தான். புதிதாக வந்த அன்று முழு விலை. சில மாதம் பொறுத்தால், பண்டிகைத் தள்ளுபடியில் பல விளையாட்டுகள் விலை இறங்கும்.

பெட்டி வாங்கும்போதே டிஸ்க் போடும் வகையா என்று பாருங்கள்.

பிள்ளையின் கணக்கில் மாதம் இவ்வளவுதான் செலவு செய்யலாம் என்று வரம்பு வைக்கும் வசதி பிளேஸ்டேஷனில் உண்டு. அதை முதலில் செய்யுங்கள்.

அவசரப்பட்டு வாங்கிவிட்டால், பிளேஸ்டேஷன் கடையில் 14 நாட்களுக்குள் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் டவுன்லோடு தொடங்கியிருக்கக் கூடாது. தொடங்கிவிட்டால் பணம் போனதுதான்!

சூலக்கரைத் தாய் இப்போது என்ன சொல்வார்?

"வாங்கலாம்யா. தீபாவளி வரட்டும். விலை இறங்குதான்னு பார்ப்போம்."

பையன் முகம் கொஞ்சம் வாடும். ஆனால் அவனும் விலை தெரிந்த ஊர்ப் பிள்ளைதானே! காத்திருப்பான்.