மங்குக்கு லைட் சிகிச்சை: வயலில் நிற்கும் முகத்துக்குப் பொருந்துமா?

கார் நடவு தொடங்கிவிட்டால் சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் வயல்களில் காலையிலேயே ஆட்கள் இறங்கிவிடுவார்கள். குனிந்து நடுகிறவர்களுக்கு முதுகில் நேர்வெயில். முகத்தில், வயல் தண்ணீரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம். பல வருஷம் இப்படி நின்ற பிறகு கன்ன எலும்பின் மேலும் நெற்றியிலும் பழுப்புப் படலம் படிகிறது. "மதினி, முகத்துல என்ன இப்படி மங்கு விழுந்துட்டு?" என்று யாராவது கேட்ட பிறகுதான் பலருக்குக் கண்ணாடி பார்க்கவே தோன்றும். வீட்டில் கல்யாணம் நெருங்கும்போது, 'டவுன்ல லைட் வச்சு எடுக்காங்களாமே' என்ற பேச்சும் வந்துவிடும். அறுவடைப் பணத்தில் ஒரு பங்கை அதற்கு எடுத்து வைக்குமுன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

திருநெல்வேலி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 9 பாகைக்கும் குறைவான தூரத்தில் இருக்கிறது. சித்திரை பிறப்பதை ஒட்டி ஒரு முறையும், ஆவணி நடுவில் ஒரு முறையும் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற ஊதாக்கதிர் அளவுகோலில் 11-ஐத் தொட்டாலே 'மிகத் தீவிரம்' என்று பெயர். மேகமில்லாத அந்த நாட்களின் நண்பகலில் இங்கே அந்த அளவைத் தாண்டும். இந்தக் கதிர்கள் தோலுக்குள் இறங்கி, அதை இழுத்துப் பிடித்திருக்கும் கொலாஜன் நாரை அறுக்கின்றன, சுருக்கம் விழுகிறது. மேல்தோலில் மெலனின் என்ற நிறமி கூடுதலாகச் சுரக்கிறது, மங்கு விழுகிறது. மங்குக்கு வெயில் மட்டும் காரணமல்ல. கர்ப்பகாலம், கருத்தடை மாத்திரை, பரம்பரை எல்லாம் சேரும். ஆனால், அதை ஆறவிடாமல் வைத்திருப்பது வெயில்தான்.

லைட் என்ன செய்கிறது?

அழகு நிலையங்களில் 'லைட்' என்று சொல்வது பெரும்பாலும் ஐ.பி.எல். இயந்திரம். கிரிக்கெட் அல்ல, கேமரா ஃபிளாஷ்போல ஒரு நொடியில் சிறு பகுதி நேரத்துக்குப் பாயும் பலத்த வெளிச்சம். சுமார் 500 முதல் 1,200 நானோமீட்டர் வரையிலான பல அலைநீளங்கள் அதில் கலந்திருக்கும். லேசர் என்றால் ஒரே அலைநீளம். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே: கருமையான பொருள் வெளிச்சத்தை உறிஞ்சிச் சூடாகும். 1983-ல் அமெரிக்காவின் ராக்ஸ் ஆண்டர்சன், ஜான் பாரிஷ் என்ற இரு மருத்துவர்கள் இதைக் கோட்பாடாக எழுதினார்கள். சரியான அலைநீளத்தை மிகக் குறுகிய நேரம் பாய்ச்சினால், சுற்றியுள்ள தோல் வேகாமல் நிறமி மட்டும் உடையும் என்பது அதன் சாரம்.

வெளுத்த தோலில் ஒரு கரும்புள்ளி இருந்தால் கணக்கு சுலபம். நம் தோலில் புள்ளியிலும் மெலனின், புள்ளியைச் சுற்றியும் மெலனின். களைக்கும் பயிருக்கும் வித்தியாசம் தெரியாத களைக்கொல்லியை வயல் முழுக்க அடித்தது மாதிரிதான் ஆகும். தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற அமெரிக்க மருத்துவர் 1975-ல் வெயிலுக்குத் தோல் எப்படி நடந்துகொள்கிறது என்று வகை பிரித்தபோது, வெள்ளைத் தோலை மட்டுமே கணக்கில் எடுத்தார். பழுப்பும் கறுப்பும் ஐந்தாம், ஆறாம் வகைகளாகப் பின்னால் சேர்க்கப்பட்டவை. வயலில் வேலை செய்யும் நம் ஆட்களில் பெரும்பாலோர் ஐந்தாம் வகை. அந்தத் தோலுக்கு ஐ.பி.எல். பொதுவாக ஏற்றதல்ல. தீக்காயம், இயந்திரத்தின் முனை வடிவிலேயே கட்டம் கட்டமாகத் தழும்பு, இருந்ததைவிட அதிகக் கருமை, சில இடங்களில் நிறமே போய் வெள்ளைத் திட்டு என எல்லாமும் நடக்கலாம். 1,064 நானோமீட்டர் அலைநீளமுள்ள லேசரை மெலனின் குறைவாகவே உறிஞ்சும். அதனால் கருந்தோலுக்கு அது ஓரளவு பாதுகாப்பானது. ஆனாலும் மங்கைப் பொறுத்தவரை எந்த லைட்டுக்கும் ஒரு குணம் உண்டு: முதலில் குறையும், பிறகு திரும்பி வரும். சூட்டில் சீண்டப்பட்ட தோல் முன்னைவிடக் கருப்பாகத் திரும்புவதும் உண்டு.

விவசாயிக்கு இன்னொரு சிக்கல். இந்தச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் சுமார் நான்கு வாரம் முகத்தில் வெயில் படக்கூடாது. மூன்று, நான்கு வார இடைவெளியில் பல அமர்வுகள் வேறு. கணக்குப் பார்த்தால் கார் நடவு, களையெடுப்பு, அறுப்பு முடிந்து பிசானத்துக்கு நாற்றுப் பாவும் வரை வயல் பக்கம் போகாமல் இருக்க வேண்டும். யாரால் முடியும்? அமர்வு முடிந்த மறுநாளே வயலில் இறங்குவதென்றால், கொடுத்த பணம் வாய்க்காலில் போட்டது போலத்தான்.

மங்குதானா, பார்த்தீனியமா?

முகக் கருமை எல்லாம் மங்கு அல்ல என்பதை விவசாயக் குடும்பங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். இமை, கழுத்தின் பக்கவாட்டு, முழங்கை மடிப்பு ஆகிய இடங்களில் அரிப்போடு தோல் தடித்துக் கறுத்தால் பார்த்தீனியச் செடியின் ஒவ்வாமையாக இருக்கலாம். காற்றில் பறக்கும் அதன் பொடியும் மகரந்தமும் போதும். 1950-களில் புனே பகுதியில் கவனிக்கப்பட்ட இந்தச் செடி இன்று வரப்பு, வாய்க்கால் கரை, தரிசு என்று எல்லா இடத்திலும் நிற்கிறது. இந்த ஒவ்வாமை உள்ளவர்களில் பலருக்கு வெளிச்சமே ஆகாது. அவர்கள் முகத்தில் லைட் பாய்ச்சினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. முதுகில் சிறு பட்டைகள் ஒட்டிப் பார்க்கும் 'பேட்ச் டெஸ்ட்' மூலம் கண்டுபிடிக்கலாம். செடியைப் பூக்குமுன் வேரோடு பிடுங்க வேண்டும். அந்த வேலையை ஒவ்வாமை இல்லாதவர் கையுறை போட்டுச் செய்யட்டும்.

ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் ஹைட்ரோகுளோரோதையசைடு, காய்ச்சலுக்குத் தரும் டாக்ஸிசைக்ளின் போன்ற மாத்திரைகளும் தோலை வெயிலுக்குக் கூச வைக்கும்.

இதைவிடப் பரவலான கேடு, மருந்துக்கடையில் கேட்டு வாங்கித் தடவும் 'வெளுக்கும் களிம்பு'. பீட்டாமெத்தசோன், குளோபிடசால் போன்ற ஸ்டீராய்டு கலந்தவை சில வாரம் பளபளப்பைக் காட்டும். பிறகு தோல் மெலிந்து, சிவந்து, பரு கிளம்பி, பெண்களுக்கு முகத்தில் முடியும் வளரும். இத்தகைய களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று மத்திய அரசு 2018-ல் உத்தரவு போட்டது. உத்தரவு இருக்கிறது, களிம்பும் கேட்டால் கிடைக்கிறது. மெலிந்த அந்தத் தோலில் லைட் வைத்தால் புண்ணாகும் வாய்ப்பு இன்னும் கூடுதல்.

செலவில்லாத நிழல்

தலையில் துண்டைச் சும்மாடாகக் கட்டினால் கன்னத்துக்கு நிழல் விழாது. அகலமான விளிம்புள்ள பனையோலைத் தொப்பி நல்லது. தண்ணீரிலிருந்து திரும்பும் வெளிச்சத்தைத் தொப்பி தடுக்காது என்பதால், நடவின்போது கன்னத்தை மறைத்து ஒரு துணியும் வேண்டும். நெருக்கமாக நெய்த, அடர்நிறத் துணியே சரி. நைந்த வெள்ளைத் துண்டு நனைந்துவிட்டால் கதிரை அதிகமாக உள்ளே விடும். காலை பத்து முதல் மூன்று மணி வரையிலான வேலையை முடிந்த அளவு குறைக்கலாம். சன்ஸ்கிரீன் பூசுவதென்றால், மங்கு உள்ளவர்களுக்கு இரும்பு ஆக்சைடு சேர்ந்த, லேசான பழுப்பு நிறமுள்ளதே பொருத்தம். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம்கூட நம் தோலில் மங்கை வளர்க்கும். வெறும் வெள்ளைக் களிம்பு அதைத் தடுப்பதில்லை.

இவ்வளவுக்கும் பிறகு லேசர் செய்துகொள்ள நினைப்பவர்கள், கருவியைப் பிடிப்பவர் தோல் மருத்துவத்தில் எம்.டி. அல்லது டி.டி.வி.எல். படித்தவரா என்று கேட்கலாம். முதலில் காதுக்குப் பின்னால் சிறு இடத்தில் பரிசோதித்து, சில வாரம் பொறுத்துப் பார்க்கச் சொல்லலாம். இதற்கு முகம் சுளிக்கிற இடம் என்றால் திரும்பிவிடலாம்.

மச்சத்தை மட்டும் மருத்துவர் பார்க்காமல் லைட்டால் எரிக்கவே கூடாது. கருந்தோலுக்குத் தோல் புற்றுநோய் குறைவு. ஆனால் வரும்போது, யாரும் பார்க்காத உள்ளங்காலில், நகத்தடியில் கரும்புள்ளியாக வருவதுண்டு. செருப்பில்லாமல் வயலில் நிற்கிறவர்கள் அதை முள் குத்தியது என்று விட்டுவிடுகிறார்கள். வளரும், நிறம் மாறும், ரத்தம் கசியும் புள்ளியையும், வாரக்கணக்கில் ஆறாத புண்ணையும் உடனே காட்ட வேண்டும்.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. போகும்போது, தடவிய களிம்பின் காலி டியூப், சாப்பிடும் மாத்திரைகளின் அட்டை, சந்தேகப்படும் செடியின் ஒரு கிளை ஆகியவற்றை பாலித்தீன் பையில் கட்டி எடுத்துப் போனால் மருத்துவருக்குப் பாதி வேலை மிச்சம்.