வேலிக்கு எந்த மரம்? வைரம் பார்த்து வாங்குங்கள்!

திருவண்ணாமலையில் வெயில் கடுமை. பகலெல்லாம் காய்ந்த பாறை, இரவிலும் அனல் வீசும். ஐப்பசி, கார்த்திகை வந்தால் மழை கொட்டும். மழை விட்டதும் கரையான் புற்று எழும்பும்.

இந்த மூன்றுக்கும் நடுவே நிற்க வேண்டும், கொல்லைப்புறத்து வேலி!

வெயில் மரத்தைப் பிளக்கிறது. மழை அதை ஊற வைக்கிறது. கரையான் அதைத் தின்கிறது.

அதனால்தான், போட்ட இரண்டாம் ஆண்டே பல வீடுகளில் வேலிக்கால் சாய்கிறது. ஆடு உள்ளே வருகிறது. கீரைப் பாத்தி போகிறது. கிணற்றடிக்கு மறைப்பு இல்லாமல் போகிறது.

"என்னங்க, வேலி மறுபடியும் சாஞ்சு போச்சு!" என்று மனைவி சொல்லும்போது, கணவனுக்குச் செலவுதான் கண்ணில் தெரியும்.

மூன்று ஆண்டுக்கு ஒரு முறை கம்பு மாற்றினால், 15 ஆண்டில் ஐந்து முறை மரச் செலவு. ஐந்து முறை குழி தோண்டும் கூலி. ஒரே முறை நல்ல மரம் போட்டவருக்கு ஒரு கூலிதான்.

சரி, நல்ல மரம் எது?

"தேக்கு" என்பார் ஒருவர். "வேங்கை" என்பார் இன்னொருவர். "சவுக்கே போதும்" என்பார் மூன்றாமவர்.

உண்மையில், பதில் மரத்தின் பெயரில் இல்லை. மரத்தின் நடுவில் இருக்கிறது!

வைரம் என்றால் என்ன?

அறுத்த கட்டையின் வெட்டு முகத்தைப் பார்த்தால் பல மரங்களில் இரண்டு நிறம் தெரியும்.

பட்டையை ஒட்டி ஒரு வெளிறிய வளையம். மரம் உயிரோடு இருந்தபோது, வேரில் இருந்து இலைக்கு நீர் ஏறிய வழி அது. அதில் மாவுச் சத்தும் சர்க்கரையும் உண்டு. பூச்சிக்கு அது சோறு!

நடுவே கருத்த பகுதி. அதுதான் வைரம். அங்கே நீர் ஓட்டம் நின்றுவிட்டது. அதற்குப் பதிலாக எண்ணெய், பிசின், துவர்ப்பு போன்ற பொருள்கள் சேர்ந்திருக்கின்றன. பூச்சிக்கும் பூஞ்சணத்துக்கும் அவை ஆகாது.

தேக்கில் இப்படிச் சேரும் பொருள்களில் ஒன்றுக்கு டெக்டோகுவினோன் என்று பெயர். அதைக் கண்டால் கரையான் ஒதுங்கும்.

ஆனால் வைரம் பாய ஆண்டுகள் ஆகும். இளந் தேக்குக் கம்பில் வெளிறுதான் அதிகம். பெயர் தேக்கு. விலையும் தேக்கின் விலை. நிற்பதோ சில ஆண்டு!

இந்த வேற்றுமையைத் தமிழர்கள் பழங்காலத்திலேயே அறிந்திருந்தார்கள். உள்ளே வைரம் உள்ளது மரம், வெளியே வைரம் உள்ளது புல் என்று தொல்காப்பியத்தின் மரபியல் பிரித்துச் சொல்கிறது. அந்தக் கணக்குப்படி பனையும் மூங்கிலும் புல்!

இது வெறும் இலக்கணம் அல்ல. கட்டை வாங்குகிறவருக்கும் உதவும் செய்தி. தேக்கில் நடுப்பகுதியைத் தேட வேண்டும். பனையில் வெளிப்பகுதியைத் தேட வேண்டும். பனையின் நடுவில் இருப்பது வெறும் சோறு. மழையில் அது ஊறிப் போகும்.

மண்ணில் புதைத்துச் சோதனை

டேராடூனில் 1906-ம் ஆண்டு தொடங்கப்பட்ட வன ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பலவகை மரத்துண்டுகளை அங்கே பாதி அளவு மண்ணில் புதைத்து, திறந்த வெளியில் விட்டுச் சோதித்தார்கள். எது எத்தனை மாதம் தாங்குகிறது என்று கணக்கு எடுத்தார்கள்.

இந்திய தர நிர்ணயப்படி மரங்கள் மூன்று வகை. சராசரியாக 120 மாதமும் அதற்கு மேலும் தாங்குவது முதல் வகை. 60 முதல் 120 மாதம் வரை தாங்குவது இரண்டாம் வகை. 60 மாதத்துக்கும் குறைவாகத் தாங்குவது மூன்றாம் வகை.

தேக்கின் வைரம் முதல் வகை. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. இந்த வகைப் பிரிவு வைரத்துக்கு மட்டுமே. வெளிறு எந்த மரத்தில் இருந்தாலும் சீக்கிரம் போய்விடும்.

எந்த மரம் எப்படி?

தேக்கு: வைரம் உறுதி. அதிகம் வளையாது, முறுக்காது. விலைதான் அதிகம்.

வேங்கை: நல்ல வைரம். தண்ணீர் பட்டால் சாயம் கசியும். அருகில் வெள்ளைச் சுவர் இருந்தால் கறை படியும்.

ஆச்சா: வறண்ட பாறை நிலத்தில் வளரும். நம் நாட்டு மரங்களிலேயே மிகக் கனமானவற்றில் ஒன்று. தண்ணீரில் போட்டால் மூழ்கும். ஆணி இறங்காது. முதலில் துளை போட வேண்டும். கிடைத்தால் வேலிக்காலுக்கு மிக நல்லது.

நாட்டுக் கருவேல்: வண்டிக்கும் ஏருக்கும் பயன்பட்ட மரம். வைரம் கெட்டி. வெளிறை வண்டு துளைக்கும். வெட்டிய கட்டையைக் குளத்தில் ஊறப் போடுவது பழைய வழக்கம். அதில் பொருள் உண்டு. மாவுச் சத்து தண்ணீரில் கரைந்துவிட்டால் வண்டுக்குத் தீனி குறைகிறது.

வேம்பு: கரையான் அவ்வளவாக விரும்பாது. மண்ணுக்கு மேலே அடிக்கும் பலகைக்கு ஏற்றது.

சவுக்கு, தைல மரம்: நேராக இருக்கும். விலை குறைவு. பந்தலுக்கும் சாரத்துக்கும் நல்லவை. மண்ணில் நட்டால் சில ஆண்டில் முடிந்துவிடும்.

மூங்கில்: மருந்து ஏற்றாமல் மண்ணில் நட்டால் ஒன்று முதல் மூன்று ஆண்டு வரை தாங்கும்.

பழைய ரயில் கட்டைகளையும் சிலர் வாங்குகிறார்கள். அவற்றில் பலவற்றுக்குத் தார் வகை எண்ணெய் ஏற்றியிருப்பார்கள். குழந்தைகள் தொட்டு விளையாடும் கொல்லைக்கு அவை ஆகா.

எமன் இருக்கும் இடம்

சாய்ந்த வேலிக்காலைப் பிடுங்கிப் பார்த்தால் ஒரு விந்தை தெரியும். மேல் பகுதி நன்றாக இருக்கும். அடி நுனியும் பல சமயம் நன்றாகவே இருக்கும். தரை மட்டத்தில் மட்டும் அரித்துப் போயிருக்கும்!

காரணம் எளிது. மரத்தை மட்க வைக்கும் பூஞ்சணத்துக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். ஆழத்தில் ஈரம் உண்டு, காற்று குறைவு. மேலே காற்று உண்டு, ஈரம் நிற்காது. இரண்டும் சேர்ந்து இருக்கும் இடம் தரை மட்டம்தான். கரையானும் அந்த வழியாகத்தான் ஏறுகிறது.

பர்மாவில், மண்டலே அருகே அமரபுரத்தில், ஓர் ஏரிக்கு மேல் தேக்குப் பாலம் இருக்கிறது. ஊ பெயின் பாலம் என்று பெயர். 1850-ம் ஆண்டு வாக்கில் கட்டப்பட்டது. நீளம் சுமார் 1.2 கிலோ மீட்டர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கால்கள். இன்றும் மக்கள் அதில் நடக்கிறார்கள்.

அந்தத் தேக்குக் கால்களிலும் சில அரித்துப்போக, அவற்றுக்குப் பதிலாகக் கான்கிரீட் கால்கள் நிறுத்தப்பட்டன. பர்மாத் தேக்குக்கே அந்தக் கதி என்றால், இளங்கம்பு எம்மாத்திரம்?

கல் இருக்கக் கவலை ஏன்?

செட்டிநாட்டு வீடுகளின் மரத் தூண்களைக் கவனித்தால் ஓர் உண்மை விளங்கும். தூணின் அடியில் கல் இருக்கும். மரம் மண்ணைத் தொடாது.

வேலிக்கும் அதே வழிதான். திருவண்ணாமலைப் பக்கம் கருங்கல்லுக்குக் குறைவில்லை. மண்ணில் நிற்க வேண்டியது கல் கால். அதன் மேல் போல்ட் போட்டு முடுக்க வேண்டியது மரம். பலகையின் அடி தரையில் இருந்து நான்கு விரல் உயரத்தில் இருக்கட்டும். கரையான் ஏற நினைத்தால் கல்லின் மேல் மண் பாதை போட வேண்டும். அது கண்ணில் படும். தட்டி விடலாம்.

கல்லுக்கு வசதி இல்லையா? அப்போது மரக்காலே நடலாம். ஆனால் அது முழு வைரக் கட்டையாக இருக்க வேண்டும். இரண்டடி ஆழக் குழி. அடியில் சரளைக் கல். கால் நட்ட பிறகு, சுற்றிலும் தண்ணீர் வழிந்து ஓடும்படி மேடு கட்ட வேண்டும். காலின் தலையைச் சாய்வாகச் சீவ வேண்டும். அப்போது மழைநீர் அங்கே தங்காது.

அடியைச் சுட்டுக் கரியாக்கினால் போதும் என்பது பலருடைய நம்பிக்கை. கரியைக் கரையான் தின்னாது, மெய்தான். ஆனால் கரி வெடிப்பு விடும். வெடிப்பு வழியாக உள்ளே புகுந்துவிடும். கழிவு ஆயிலைப் பூசுவது அதைவிடக் கெடுதல். அது மண்ணில் இறங்கும். கிணறு பக்கத்தில்தானே இருக்கிறது!

எங்கிருந்து வந்த மரம்?

"ஆசாரி, வைரக் கட்டையா பார்த்துக் கொடுங்க" என்று கேட்பது பாதி வேலை. "பில் உண்டா?" என்று கேட்பது மறுபாதி.

காட்டு மரத்தைக் கொண்டு செல்ல வனத்துறை அனுமதி வேண்டும். பில் இல்லாத கட்டை விலை குறைவாக இருக்கலாம். அந்தக் குறைவுக்கு வேறு யாரோ விலை கொடுக்கிறார்கள்.

செம்மரத்தின் கதையே சாட்சி. ஒரு காலத்தில் ஆந்திரக் கிராமங்களில் வீட்டுக் காலாக நின்ற மரம் அது. அத்தனை வைரம்! பிறகு வெளிநாட்டில் விலை ஏறியது. கள்ளத்தனமாக வெட்டுவது பெருகியது. 2015-ம் ஆண்டு ஏப்ரல் 7-ந் தேதி, சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீசார் சுட்டதில் தமிழர்கள் 20 பேர் இறந்தனர். செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று போலீசார் கூறினர். சுட்ட விதம் பற்றிக் கேள்விகள் எழுந்தன. மாண்டவர்களில் திருவண்ணாமலை மாவட்டத்து ஏழைகளும் இருந்தனர்.

பனையை வெட்டுவதற்கும் கட்டுப்பாடு உண்டு. கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021-ம் ஆண்டு தமிழக வேளாண்மை பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது.

காட்டை வெட்டாமல் கிடைக்கும் வைரம்

காட்டுக்குக் கேடு இல்லாமல் வைரக் கட்டை கிடைக்குமா? கிடைக்கும். எல்லோரும் திட்டுகிற சீமைக் கருவேலில்!

1870-களில் கடப்பைப் பக்கம் வெளிநாட்டு விதை கொண்டுவந்து வளர்த்த மரம் அது. இன்று ஏரி, குளம், வயல் எங்கும் பரவிவிட்டது. 2022-ம் ஆண்டு தமிழக அரசு அதை அகற்றக் கொள்கை வகுத்தது.

பெரும்பாலும் அது அடுப்புக்கும் கரிக்கும் போகிறது. ஆனால் முதிர்ந்த மரத்தின் செம்பழுப்பு வைரம் மிகக் கெட்டி. காய்ந்தாலும் அதிகம் சுருங்காது. அமெரிக்காவில் டெக்சாஸ் விவசாயிகள் அதன் இன மரத்தைத்தான் வேலிக்காலாக நட்டார்கள்.

குறை ஒன்று உண்டு. நேராக இருக்காது. நீளக் கட்டை கிடைக்காது. ஆனால் வேலிக்கால் ஆறடிதானே! பருத்த மரமாகப் பார்த்து, வெளிறைச் செதுக்கிவிட்டு நட்டால் போதும்.

அதற்கும் பணம் இல்லாதவர்களுக்குக் கிளுவை இருக்கிறது. போத்தை வெட்டி நெருக்கமாக நட்டு, மழை கிடைத்தால் வேர் பிடிக்கும். முள் உண்டு. வறட்சி தாங்கும். தழை ஆட்டுக்குத் தீனி. உயிருள்ள வேலியைக் கரையான் சாய்ப்பது அரிது!

கடைக்குப் போகும் முன்

வெட்டு முகத்தைப் பார்க்க வேண்டும். கருப்பு எவ்வளவு, வெளுப்பு எவ்வளவு?

கட்டையில் ஊசித் துளையும் மாவும் இருந்தால் வேண்டாம். அது வண்டின் வேலை.

பச்சைக் கட்டை வேண்டாம். காயக் காயச் சுருங்கும், பிளக்கும்.

ஆணி, போல்ட் எல்லாம் துத்தநாகம் பூசியதாக இருக்கட்டும். வெறும் இரும்பு துருப்பிடித்து மரத்தையும் கெடுக்கும்.

பில் வாங்க வேண்டும்.

இவ்வளவும் பார்க்க அரை நாள் ஆகும். அந்த அரை நாள் உழைப்பு, பத்து ஆண்டுக்கு மேல் வேலியாக நிற்கும்!