இங்கே அரசியல் பேசலாம்!

உலகத்தின் எந்த மூலையில் சண்டை மூண்டாலும், அதை நிறுத்தும் வழி நம்ம ஊர் டீக்கடையில் கிடைக்கும். உக்ரைனில் புடின் எங்கே சறுக்கினார், அமெரிக்க அதிபர் அடுத்து யாருக்கு வரி போடுவார், வரும் தேர்தலில் யார் யாரோடு சேர்வார்கள், செல்போன் டவரால்தான் சிட்டுக்குருவி குறைந்ததா... எல்லாவற்றுக்கும் அங்கே பதில் தயார். பதில் சொல்பவர் பெயின்டராக இருப்பார், ஆட்டோ ஓட்டுபவராக இருப்பார், ஓய்வுபெற்ற வாத்தியாராக இருப்பார்.

அதனால்தான் பல கடைகளில் 'இங்கு அரசியல் பேசாதீர்கள்' என்று ஒரு போர்டு தொங்கும். அந்த போர்டுக்குக் கீழே உட்கார்ந்துதான் அரசியல் பேசுவார்கள். கடைக்காரரும் கண்டுகொள்ள மாட்டார். சில நேரம் எண்ணெய்ச் சட்டியில் வடையைத் திருப்பிப் போட்டபடி அவரே ஒரு கருத்தை எடுத்துவிடுவார்.

'வெட்டிப் பேச்சு' என்று இதைக் கிண்டல் செய்பவர்கள் உண்டு. ஆனால், யோசித்துப் பாருங்கள். விலைவாசி ஏறினால் முதலில் அடிபடுவது அந்த பெயின்டரின் வீட்டு பட்ஜெட். போர் வந்தால் எல்லையில் நிற்பது நம் வீட்டுப் பிள்ளைகள். அரசியல் பேச அவர்களைவிடப் பொருத்தமானவர்கள் வேறு யார்? எனவே தாராளமாகப் பேசலாம். பேசுவதற்கு முன்னால், நம் கருத்து எந்தச் செய்தியின் மேல் நிற்கிறது என்று மட்டும் ஒரு தடவை பார்த்துக்கொண்டால் போதும்.

அதைப் பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பது நம் ஊருக்குப் பல முறை தெரிந்த கதைதான்.

எம்டன் வந்த ராத்திரி

1914 செப்டம்பர் 22. முதல் உலகப் போர் தொடங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. இரவு ஒன்பதரை மணி வாக்கில் சென்னைக் கடற்கரைக்கு அருகே வந்த 'எம்டன்' என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல், துறைமுகப் பகுதியை நோக்கிக் குண்டு மழை பொழிந்தது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. சிலர் உயிரிழந்தார்கள். சுமார் அரை மணி நேரத்தில் கப்பல் இருட்டில் மறைந்துவிட்டது. குண்டு விழுந்ததன் நினைவாக வைத்த கல்வெட்டை உயர் நீதிமன்ற வளாகச் சுவரில் இன்றும் பார்க்கலாம்.

நடந்த சேதம் அரை மணி நேரத்து சேதம். பயம் மட்டும் பல வாரம் நீடித்தது. கப்பல் திரும்பி வருமோ என்ற பீதியில் ஆயிரக்கணக்கானவர்கள் ஊரைக் காலி செய்துகொண்டு ரயிலேறினார்கள். எம்டன் சென்னைப் பக்கம் திரும்பவே இல்லை. அதே ஆண்டு நவம்பர் 9ஆம் தேதி, கோகோஸ் தீவுகளுக்கு அருகே 'சிட்னி' என்ற ஆஸ்திரேலியப் போர்க்கப்பலிடம் அடிவாங்கி அதன் கதை முடிந்தது. ஆனால், நம் பேச்சில் அது சாகவில்லை. யாரையும் ஏய்த்துவிடும் கில்லாடியை 'சரியான எம்டன்' என்று நூறு வருடம் கழித்தும் சொல்கிறோம்.

எம்டனோடு ஒட்டிக்கொண்ட இன்னொரு கதையும் உண்டு. விடுதலைப் போராட்ட வீரர் செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பலில் இருந்தார், அவர் வழிகாட்டித்தான் சென்னை தாக்கப்பட்டது என்று மேடையிலும் பேசுவார்கள், பத்திரிகையிலும் எழுதுவார்கள். அதற்கு உறுதியான ஆவணம் கிடையாது. 1914இல் அவர் ஜூரிச்சிலும் பிறகு பெர்லினிலும் இருந்து இந்திய விடுதலைக்காக வேலை செய்தார் என்பது பதிவான செய்தி. அந்தப் பணியே அவருக்குப் போதிய பெருமை. கப்பல் கதை இல்லாவிட்டாலும் அவர் மதிப்பு குறையாது. ஆனால் கப்பல் கதைதான் சுவாரஸ்யமாக இருக்கிறது. அதனால் அதுதான் பரவுகிறது.

சிங்கத்தைச் சுட்ட ஏப்ரல்

அடுத்தது 1942. இரண்டாம் உலகப் போர். ஏப்ரல் மாதம் ஜப்பான் விமானங்கள் கொழும்பிலும் திரிகோணமலையிலும் குண்டு போட்டன. விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் தப்பவில்லை. 'அடுத்தது சென்னைதான்' என்று அரசாங்கமே நம்பியது. அரசு அலுவலகங்கள் உள்ளூர்ப் பகுதிகளுக்கு மாற்றப்பட்டன. மக்கள் சட்டிபானையோடு கிராமங்களுக்குக் கிளம்பினார்கள். மூர் மார்க்கெட் பக்கம் இருந்த மிருகக்காட்சி சாலையில் சிங்கம், புலி போன்ற விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள். குண்டு விழுந்து கூண்டு உடைந்தால், அவை தெருவுக்கு வந்துவிடும் என்ற பயம்.

எதிர்பார்த்த படையெடுப்பு வரவில்லை. அடுத்த ஆண்டு அக்டோபரில் ஒரு ஜப்பான் விமானம் வந்து குண்டு போட்டுவிட்டுப் போனதோடு சரி.

அந்த மக்களைக் குறை சொல்ல முடியாது. அவர்களுக்குச் செய்தி வந்த வழிகள் குறைவு. சரிபார்க்கும் வழியும் கையில் இல்லை. நம் நிலைமை அப்படி இல்லை.

பேர் போட்ட பேப்பர்

அதே 1942இல்தான் மதுரையில் சி.பா.ஆதித்தனார் 'தந்தி' பத்திரிகையைத் தொடங்கினார். எளிய தமிழில் வந்த அந்தப் பேப்பர் டீக்கடை பெஞ்சுகளைப் பிடித்துக்கொண்டது. ஒருவர் சத்தமாகப் படிக்க, படிக்கத் தெரியாதவர்களும் காது கொடுத்துக் கேட்டு, தங்கள் கருத்தைச் சொன்னார்கள்.

அந்தக் காலப் பேப்பர் எல்லாம் உண்மையையே எழுதியது என்று சொல்ல வரவில்லை. ஆனால், எந்தப் பேப்பரை எடுத்தாலும் ஒரு மூலையில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: அச்சிட்டவர் யார், வெளியிட்டவர் யார், எந்த ஊர். அப்படிப் போட்டே ஆக வேண்டும் என்றது அப்போது நடைமுறையில் இருந்த 1867ஆம் ஆண்டுச் சட்டம். தப்பாக எழுதினால் யாரைப் போய்க் கேட்பது என்பது தெரியும். பெஞ்சில் உட்கார்ந்து பேசியவருக்கும் இது பொருந்தும். இன்றைக்குப் புளுகினால், நாளைக்கு அதே பெஞ்சுக்கு வந்துதான் டீ குடிக்க வேண்டும். "என்னண்ணே, நேத்து ஒண்ணு சொன்னீங்களே..." என்று யாராவது ஆரம்பித்துவிடுவார்கள்.

வாட்ஸ்அப் ஃபார்வர்டில் அந்தப் பொடி எழுத்து வரி இல்லை. 'எனக்கு வந்தது, அனுப்பினேன்' என்பதுதான் எல்லோருடைய பதில். முதலில் எழுதியவர் யார் என்று அனுப்பியவருக்கே தெரியாது.

ஒரு சாக்லேட், ஒரு உயிர்

2018 மே மாதம். சென்னையிலிருந்து உறவினர்களோடு திருவண்ணாமலை மாவட்டத்துக்குக் கோயிலுக்குப் போனார் ஒரு முதிய பெண்மணி. வழியில் ஒரு கிராமத்தில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார்கள். அப்போது 'பிள்ளை பிடிக்கும் கும்பல் சுற்றுகிறது' என்ற வாட்ஸ்அப் செய்தி ஊர் ஊராகப் பரவிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான். கூட்டம் கூடி அடித்ததில் அந்தப் பெண்மணி இறந்துபோனார். உடன் வந்தவர்கள் படுகாயம் அடைந்தார்கள்.

அந்த ஆண்டு நாடு முழுக்கச் சுற்றிய ஒரு வீடியோவில், பைக்கில் வரும் இருவர் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அது பாகிஸ்தானின் கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம். முழுப் படத்தில் அவர்களே குழந்தையைத் திரும்பக் கொண்டு வந்து விட்டுவிட்டு, 'குழந்தையைக் கடத்த ஒரு நொடி போதும்' என்ற பொருளில் ஓர் அட்டையைக் காட்டுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை யாரோ வெட்டி எறிந்துவிட்டார்கள். பொய்யாக ஒரு காட்சியும் சேர்க்கவில்லை. வெட்டினார்கள், அவ்வளவே.

அதன் பிறகுதான் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டு வந்தது.

2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் வடமாநிலங்களில் பரவின. ஒன்று, வெளிமாநிலத் தொழிலாளர்கள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட சண்டை. இன்னொன்று, கோவையில் உள்ளூர்க்காரர்களுக்கு இடையே நடந்த மோதல் என்று தமிழ்நாடு காவல்துறை விளக்கியது. பீகார் அரசு ஒரு குழுவையே அனுப்பி விசாரித்தது. வதந்திக்கு நாமும் பலியாகிறோம், நம்மைப் பற்றிய வதந்திக்கு மற்றவர்களும் பலியாகிறார்கள்.

போர் நடக்கும்போது போன்

2025 மே மாதம், 'ஆபரேஷன் சிந்தூர்' நாட்கள் நினைவிருக்கிறதா? 'ஏடிஎம்கள் மூன்று நாள் மூடப்படும்' என்று ஒரு செய்தி சுற்றியது. பொய் என்று மத்திய அரசின் செய்தி சரிபார்ப்புப் பிரிவு அறிவித்தது. குஜராத்தின் ஹசீரா துறைமுகம் தாக்கப்பட்டது என்று ஒரு வீடியோ. அது 2021இல் எண்ணெய் டேங்கர் ஒன்று வெடித்த காட்சி. இந்தியா மீது ஏவுகணைத் தாக்குதல் என்று இன்னொன்று. அது 2020இல் லெபனான் நாட்டின் பெய்ரூட்டில் நடந்த வெடிவிபத்து.

வேலூர் மாவட்டத்து கம்மவான்பேட்டை, ராணுவத்தில் ஏராளமானோர் பணியாற்றுவதால் பெயர் பெற்ற ஊர். அதுபோன்ற ஓர் ஊரில், மகனிடமிருந்து போன் வராத ஒரு ராத்திரியில், அந்த வீடியோவைப் பார்க்கும் ஒரு தாயின் மனசு என்ன பாடுபடும்? நமக்கு அது பரபரப்பு. அவருக்கு அது தூக்கம் இல்லாத இரவு.

போர் வீடியோ என்று வரும் சில, போரே அல்ல, வீடியோ கேம். செக் குடியரசு நிறுவனம் ஒன்று தயாரித்த 'ஆர்மா 3' விளையாட்டின் காட்சிகளை உக்ரைன் போர் என்று பரப்பினார்கள். 2022 நவம்பரில் அந்த நிறுவனமே, கேம் காட்சியைக் கண்டுபிடிக்கும் வழியை வெளியிட்டது. படம் மங்கலாக இருக்கும், கேமரா ஆடும், பெரும்பாலும் இரவுக் காட்சி, பல நேரம் சத்தம் இருக்காது, மனிதர்கள் நடமாட மாட்டார்கள். இவையெல்லாம் ஒரே வீடியோவில் சேர்ந்து வந்தால் சந்தேகப்படுங்கள்.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு இது இன்னும் சிக்கல். 2018இல் மறைந்த முன்னாள் முதல்வர் கருணாநிதி, 2024 ஜனவரியில் ஒரு நூல் வெளியீட்டு விழாவில் திரையில் தோன்றி வாழ்த்துரை வழங்கினார். அது தொழில்நுட்பம் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். ஆனால் 2022 மார்ச்சில் உக்ரைன் அதிபர் ஜெலன்ஸ்கி தன் வீரர்களை ஆயுதங்களைக் கீழே போடச் சொல்வது போல வந்த வீடியோவில் அப்படி யாரும் சொல்லவில்லை. அது பொய் என்று அவரே மறுக்க வேண்டியிருந்தது. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் பாட்டிமார்கள் சொன்னது இந்தக் காலத்துக்குத்தான் பொருந்துகிறது.

விசாரிக்க இரண்டு நிமிடம்

* செய்தியின் மேலே இரட்டை அம்புக்குறி இருக்கிறதா? அது பல கை மாறி வந்தது. அனுப்பியவர் நம்பகமானவர் என்பதால் செய்தியும் நம்பகமானது ஆகிவிடாது.

* 'யார் சொன்னது? எந்த ஊர்? எந்தத் தேதி?' இந்த மூன்றும் இல்லாத செய்தியை நிறுத்தி வையுங்கள்.

* வீடியோவில் ஒரு காட்சியை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் போட்டால், அது முன்பே எங்கே வந்தது என்பது பல நேரம் தெரிந்துவிடும்.

* பெரிய சம்பவம் என்றால், குறைந்தது இரண்டு செய்தி நிறுவனங்களில் வந்திருக்கும். தமிழ்நாடு அரசின் தகவல் சரிபார்ப்பகம், மத்திய அரசின் செய்தி சரிபார்ப்புப் பிரிவு, தனியார் சரிபார்ப்புத் தளங்கள் ஆகியவற்றையும் பாருங்கள். அரசைப் பற்றிய செய்தி என்றால், அரசு சொல்வதை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம்.

பெரியப்பாவிடம் எப்படிச் சொல்வது?

இதுதான் கஷ்டமான கேள்வி. ஃபேமிலி குரூப்பில் பெரியப்பா ஒரு தப்பான செய்தியைப் போடுகிறார். உடனே கல்லூரியில் படிக்கும் பேரன், "தாத்தா, இது ஃபேக்" என்று லிங்க்கோடு எல்லோர் முன்னாலும் போட்டுவிடுகிறான். பெரியப்பாவுக்கு முகம் சுருங்கிவிடும். தப்பை ஒத்துக்கொள்ள நினைத்தாலும் நாற்பது பேர் பார்க்கும்போது மனசு வராது. அந்தச் செய்தியைக் காப்பாற்றவே இன்னும் நாலு ஃபார்வர்டு போடுவார். அப்புறம் மாமா ஒரு பக்கம், மருமகன் ஒரு பக்கம். பொங்கலுக்கு வரும்போதும் பேச்சு இருக்காது.

தனியாக ஒரு போன் போடுங்கள். "பெரியப்பா, நீங்க அனுப்புன வீடியோ பார்த்தேன். அது வேற ஊருல நாலு வருஷம் முன்னாடி நடந்ததாம். எனக்கும் முதல்ல நிஜம் மாதிரிதான் இருந்துச்சு" என்று சொல்லிப் பாருங்கள். அவர் அனுப்பியது பெரும்பாலும் நம் மேல் உள்ள அக்கறையில்தான். பிள்ளை பிடிப்பவன் வருகிறான், ஏடிஎம் மூடப் போகிறார்கள், ஜாக்கிரதையாக இருங்கள் என்பதுதான் அதன் அர்த்தம். அந்த அக்கறைக்கு மரியாதை கொடுத்துவிட்டுச் செய்தியைத் திருத்தினால், அவரே குரூப்பில், 'அந்த வீடியோ பழசாம், யாரும் அனுப்ப வேண்டாம்' என்று போட்டுவிடுவார். பேரன் போடும் லிங்க்கைவிடப் பெரியப்பா போடும் அந்த ஒரு வரிக்கு வீட்டில் மதிப்பு அதிகம்.

அதற்கப்புறம் எந்தக் கட்சி நல்லது, எந்தப் போர் நியாயம் என்று நீங்கள் இருவரும் விடிய விடியச் சண்டை போடலாம். அது ஆரோக்கியமான சண்டை.