அதே வண்டி, அதே விலையா? – மிதிவண்டிக் கடையின் தள்ளுபடிக் கணக்கு

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருப்பது எருத்தேன்பதி. இங்கே தெருவிலும் சந்தையிலும் தமிழ்தான். வந்தவாசிப் பக்கத்துத் தமிழ்ச் சமணக் குடும்பத்தில் பிறந்த நான், பிழைப்புக்காக இங்கு வந்து முப்பது வருஷத்துக்கு மேலாக சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடப் படிப்போடு நின்றவன். மற்றதெல்லாம் கல்லாவில் உட்கார்ந்து படித்தது. மலருக்குக் கட்டுரை கேட்டபோது, எனக்குத் தெரிந்த தொழிலைப் பற்றியே எழுதலாம் என்று தோன்றியது.

ஒரு ஜூன் மாதம், பள்ளி திறந்த வாரம். ஒரு தகப்பனார் மகளோடு வந்தார். பிள்ளை வண்டியை ஓட்டிப் பார்த்தது, சீட் உயரம் வைத்துப் பார்த்தது, பிடித்தும் போயிற்று. அப்புறம் அவர், "ஏனுங்க ஐயா, கோயமுத்தூர்ல பெரிய கடையில இதே வண்டி ஆயிரம் ரூபா கம்மிங்க. நீங்களும் அந்த விலைக்கே குடுத்துருங்க" என்றார். முடியாது என்றேன். முகம் வாடிப் போனார். நான் மறுத்தது பேராசையா, நியாயமா? அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. எழுந்து கணக்குப் போட்டேன்.

வரியா காரணம்?

ஒரு காலத்தில் எல்லைக்கு இரு பக்கமும் விற்பனை வரி வேறு. வாளையாறு, வேலந்தாவளம் சோதனைச் சாவடிகளைத் தாண்டித்தான் சரக்கு வரும். 2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்தபின் மிதிவண்டிக்கு நாடு முழுக்க ஒரே வரி. 12 சதவீதமாக இருந்தது 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். ஆகவே விலை வித்தியாசத்துக்கு வரியைக் குறை சொல்ல முடியாது.

எம்.ஆர்.பி. என்பதும் வரி உட்பட்ட உச்ச விலைதான். அதற்கு மேல் விற்பது குற்றம். கீழே எவ்வளவு குறைத்தாலும் தடையில்லை. "எம்.ஆர்.பி.யில் இவ்வளவு தள்ளுபடி" என்ற அறிவிப்பு, உச்சியிலிருந்து எத்தனை படி இறங்கினார்கள் என்று சொல்லுமே தவிர, நியாய விலை எது என்று சொல்லாது.

கொள்முதல் கணக்கு

உதாரணத்துக்கு எம்.ஆர்.பி. 10,000 ரூபாய் வண்டி என்று வைத்துக்கொள்வோம். ஐந்தாறு வண்டி எடுக்கும் எனக்கு அடக்கம் 8,600. நூற்றுக்கணக்கில் எடுக்கும் பெரிய கடைக்கு 7,900. அவர்கள் 8,700-க்கு விற்றாலும் 800 ரூபாய் நிற்கும். நான் 9,700 சொல்கிறேன். அவர்கள் விலைக்கே கொடுத்தால் எனக்கு மிஞ்சுவது 100 ரூபாய். அதற்குள் கடை வாடகை, பையன் சம்பளம், இரண்டு இலவச சர்வீஸ் அடங்க வேண்டும்.

அப்படியானால் "வேறெங்கும் குறைவாக இருந்தால் அதே விலைக்குத் தருவோம்" என்று பெரிய கடைகள் பலகை வைப்பது எப்படி? சற்று யோசித்தால் புரியும். அதே கம்பெனி, அதே மாடல் என்று காட்டினால்தான் அந்த வாக்குறுதி செல்லும். டெகாத்லான் போல் சொந்தப் பெயரிலேயே மிதிவண்டி விற்கும் கடையில் ஒப்பிட வேறு கடையே இராது. இன்னொன்று, அந்தப் பலகை போட்டிக் கடைக்காரனுக்கும் ஒரு சேதி சொல்கிறது: "நீ குறைத்தால் நாளைக்கே நானும் குறைப்பேன், உனக்கு லாபமில்லை." இதனால் சில சமயம் யாருமே விலையைக் குறைக்காமல் போவதும் உண்டு.

கம்பெனி கட்டுப்படுத்தலாமே?

நம் நாட்டில் 2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டம் இதைக் கேள்வி கேட்கும். முகவர்கள் கூடுதல் தள்ளுபடி கொடுக்கவிடாமல் தடுத்ததாக மாருதி சுசுகிக்கு 2021-இல் போட்டி ஆணையம் 200 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நிறுவனம் மேல்முறையீட்டுக்குப் போனது.

அமெரிக்காவில் இந்த வழக்கு மிதிவண்டியிலேயே நடந்தது. ஷ்வின் நிறுவனம், தான் அங்கீகரித்த கடைகள் மற்ற தள்ளுபடிக் கடைகளுக்கு வண்டியை விற்கக் கூடாது என்றது. விற்றுவிட்ட பொருளுக்கு அப்படி நிபந்தனை போடுவது சட்டவிரோதம் என்று 1967-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பத்து வருஷம் கழித்து, 1977-இல், ஒரு தொலைக்காட்சிக் கம்பெனி வழக்கில் அதே நீதிமன்றம் மாறியது: விளைவைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும், ஒரு கடை செலவு செய்து சேவை தர, இன்னொரு கடை அதில் ஓசியில் குளிர்காயும் நிலையும் உண்டு என்றது. என் கடையில் ஓட்டிப் பார்த்துவிட்டு வேறிடத்தில் வாங்குவது இதுதானே!

பெட்டிக்குள் வருவது முழு வண்டியல்ல

அந்தத் தகப்பனார் கோவையிலேயே வாங்கினார். பதினைந்து நாளில் வண்டி என்னிடம் வந்தது. பின் சக்கரம் ஆடியது, பிரேக் கட்டை ரிம்மில் உரசியது, இடது பெடல் கழன்று நின்றது. இடது பெடலுக்கு மரை தலைகீழ். தெரியாமல் முறுக்கினால் மரையே போய்விடும். கோட்டம் எடுத்து, பிரேக் வைத்து, கூலி கேட்டேன். அவர் முணுமுணுக்காமல் கொடுத்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் என் வேலைக்குக் காசு கொடுக்க மறுத்தவரல்ல. அந்த வேலை வண்டி விலைக்குள் ஒளிந்திருந்ததை நான்தான் அவருக்குச் சொல்லவில்லை.

அன்றிலிருந்து என் சீட்டில் இரண்டு வரி. பெட்டியோடு வண்டி 8,900. பூட்டிக் கோட்டம் எடுத்து ஒரு வருஷம் பார்த்துக்கொள்ள 600. ஆக 9,500. பழைய விலையில் மீதி 200 ரூபாய்க்கு என்னால் காரணம் சொல்ல முடியவில்லை, அதை விட்டுவிட்டேன். ராத்திரி கேட்ட கேள்விக்கு இதுவே பதில்: பெரும்பகுதி நியாயம், கொஞ்சம் ஆசை.

புகார் வணிகர்கள் மிகுதியாக வாங்காமலும் குறைத்துக் கொடுக்காமலும், மறைக்காமல் சொல்லி விற்றார்கள் என்று பட்டினப்பாலை பாராட்டுகிறது. கள்ளாமை விரதத்துக்கு நேரும் குற்றங்களில் கள்ள அளவையையும் போலிச் சரக்கையும் தத்துவார்த்த சூத்திரம் சேர்த்துச் சொல்கிறது. காரணம் சொல்ல முடியாத விலையும் அந்த வரிசைக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது என்பது என் எண்ணம்.

இதனால் வியாபாரம் பெருகிவிட்டது என்று சொல்லமாட்டேன். பெட்டியோடு எடுத்துப் போகிறவர்களும் உண்டு. ஆனால் இப்போது யாரும் முகம் வாடிப் போவதில்லை.

வெளியூர்களில் வாழும் நம் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளைக்கு வண்டி வாங்கும்போது குறைந்த விலையைத் தேடுங்கள், தப்பில்லை. கூடவே, பூட்டித் தருவது யார், கோட்டம் எடுப்பது யார், பிரேக் பிடிக்காவிட்டால் எங்கே போவது என்று கேளுங்கள். பதிலுக்கும் சேர்த்து விலை போட்டுப் பார்த்தபின் எந்தக் கடை மலிவோ, அங்கேயே வாங்குங்கள்.