சீன வைத்திய முறைகளும் நம் புற மருத்துவமும்: ஒரு சரக்குக் கடைக்காரன் பார்வையில்

சென்ற குளிர்காலத்தில் ஜனக்புரியில் எங்கள் பிளாக்கில் இருக்கும் தமிழ் அன்பர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டினார். வட்ட வட்டமாக ஊதா நிறத் தடங்கள். கையில் ஒரு கஷாயப் பொட்டலம். "நயினார் சார், சீன வைத்தியம் பண்ணிக்கிட்டேன். இதெல்லாம் நம்ம ஊர்ல கிடையாது இல்லையா?" என்றார். கிடையாது என்று அவர் சொன்னதுதான் என்னை எழுத வைத்தது.

அந்தத் தடம் குவளை வைத்ததால் வந்தது. கண்ணாடிக் குவளைக்குள் ஒரு நொடி நெருப்பைக் காட்டித் தோலில் கவிழ்ப்பார்கள். உள்ளிருக்கும் காற்று ஆறிச் சுருங்க, தோல் மேலே இழுக்கப்படும். நுண்ணிய ரத்தக் குழாய்கள் உடைந்து தடம் விழும். 2016 ரியோ ஒலிம்பிக்கில் நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸ் தோளில் உலகமே பார்த்தது இதைத்தான். சீனர்களும் ஆதியில் கண்ணாடி வைக்கவில்லை, மாட்டுக் கொம்பைத்தான் வைத்தார்கள். கி.மு. 168இல் மூடப்பட்ட மாவாங்துய் கல்லறையை 1973இல் தோண்டியபோது கிடைத்த பட்டுச் சுவடியிலேயே கொம்பு வைக்கும் செய்தி இருக்கிறது. சித்த மருத்துவம் சொல்லும் 32 புற மருத்துவங்களில் ஒன்றுக்குக் கொம்பு கட்டல் என்றே பெயர். யுனானியில் அது ஹிஜாமா. கீறி ரத்தம் எடுக்கும் வகையும் அதில் உண்டு. இங்கே டி பிளாக்குக்கு எதிரே ஆயுர்வேத, யுனானி, ஹோமியோபதி ஆராய்ச்சிக் கவுன்சில்களின் தலைமையகம் இருப்பதைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் போகிறோம். 2010 வரை சித்த மருத்துவ ஆராய்ச்சியும் ஆயுர்வேதக் கவுன்சிலோடு சேர்ந்தே இருந்தது; பிறகுதான் தனிக் கவுன்சிலாகிச் சென்னைக்குப் போனது.

அடுத்தது ஊசி. மயிர் போன்ற மெல்லிய எஃகு ஊசியை உடலில் குறித்த இடங்களில் குத்திச் சிறிது நேரம் விட்டுவைப்பது அக்குபங்சர். 14 ஓட்டப் பாதைகளில் 361 புள்ளிகள் என்பது கணக்கு. அந்தப் பாதைகளில் 'சீ' என்னும் உயிராற்றல் ஓடுகிறது என்பது அவர்கள் கொள்கை. இந்தியாவுக்கு இதைக் கொண்டு வந்தவர்களில் முதல்வர் டாக்டர் பிஜய் குமார் பாசு. 1938இல் ஜப்பானியப் படையெடுப்பில் சிக்கிய சீனாவுக்கு நம் காங்கிரஸ் அனுப்பிய ஐந்து டாக்டர்களில் ஒருவர். உடன் போன டாக்டர் கோட்னிஸ் 1942இல் அங்கேயே காலமானார். பாசு பிற்பாடு மறுபடி சீனா சென்று ஊசி முறையைக் கற்று, கல்கத்தா திரும்பி வைத்தியம் செய்தார். மேற்கு வங்கம் 1996இல் இதற்கென்று சட்டமே போட்டது.

பலன் உண்டா என்று கேட்பீர்கள். ஜெர்மனியில் நாள்பட்ட முதுகுவலிக்காரர் 1162 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2007இல் வெளிவந்தது. முறையான ஊசியால் 47 சதவீதத்துக்குச் சற்று மேலானவர்களுக்கு நிவாரணம். வழக்கமான சிகிச்சையில் 27 சதவீதம்தான். ஆனால் புள்ளியல்லாத இடத்தில் மேலாகக் குத்தியவர்களிலும் 44 சதவீதம் பேருக்கு நிவாரணம்! வலி குறைகிறது, சரி. புள்ளிக் கணக்குதான் காரணமா என்பதில் எனக்குச் சந்தேகம்.

சீன மொழியில் இந்த வைத்தியத்துக்கு 'ஜென் ஜியு' என்று பெயர். ஜென் ஊசி, ஜியு சுடுவது. ஒருவகை மாசிபத்திரி இலையை உலர்த்திப் பஞ்சாக்கிச் சுருட்டி, பற்றவைத்துத் தோலருகே காட்டுவார்கள். நம் பெண்கள் தலையில் வைக்கும் மரிக்கொழுந்தும் அந்தக் குடும்பம்தான். நம்மிடம் சுட்டிகை என்று இருக்கிறது. அவர்கள் 'துய்நா' என்று தள்ளிப் பிடித்துவிடுவது நம் தொக்கணம். அதில் மட்டும் ஒன்பது வகை சொல்கிறார்கள்.

இதையெல்லாம் பார்த்து, எல்லாம் போகர் சீனாவுக்குக் கொண்டுபோனதுதான் என்று நம் மேடைகளில் முழங்குகிறார்கள். கேட்கச் சுகமாகத்தான் இருக்கிறது. தேதியைக் காட்டு என்றால் காட்ட முடியாது. கொம்பும் நெருப்பும் எந்த ஊரிலும் உண்டு, வலியும் உண்டு, தனித்தனியாகவே தோன்றியிருக்கலாம்.

கொண்டும் கொடுத்தும் நடந்தது சரக்கில்தான். காரி பாவ்லியில் சோப்சீனி என்று விற்பது நம் பறங்கிப்பட்டை. பதினாறாம் நூற்றாண்டில் சீனாவிலிருந்து போர்ச்சுகீசியக் கப்பல்களில் வந்த வேர். 1563இல் கோவாவில் அச்சான தம் நூலில் கார்சியா த ஓர்ட்டா இதைப் பற்றி எழுதியிருக்கிறார். இந்திப் பெயரில் சீனா ஒட்டிக்கொண்டது, தமிழ்ப் பெயரில் பறங்கி.

சீனக் கஷாயம் தனி மூலிகையாக வருவது அபூர்வம். அரசன், மந்திரி, துணைவன், தூதன் என்று நாலு பதவியில் சரக்குகளைச் சேர்ப்பார்கள். ஏலம் முதல் சுக்கு வரை ஆறு சரக்கு சேர்ந்த மருந்தின் பெயரை நூலுக்கே வைத்த ஏலாதி ஆசிரியருக்கு இது புதிதாக இருந்திராது. (மான் கொம்பு, தேள் எல்லாம் சேரும் சீன மருந்துகளும் உண்டு. நாங்கள் தேனையே தொடாதவர்கள். அந்தப் பக்கம் நான் போகவில்லை.)

ஊசி, குவளை, சூடு இவற்றை அறிந்தவர் சுத்தமாகச் செய்தால் பெரிய கெடுதல் அபூர்வம். ஆபத்து பொட்டலத்தில் இருக்கிறது. பிரசல்ஸ் நகரில் ஒரு மருத்துவமனையில் 1990 முதல் உடல் இளைக்கச் சீன மூலிகை மாத்திரை கொடுத்தார்கள். ஓரிரு வருஷத்தில் இளம் பெண்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. பாதிக்கப்பட்டவர்கள் நூற்றுக்கு மேல். விசாரித்தால், 'ஹான் ஃபாங் ஜி' போட வேண்டிய இடத்தில் 'குவாங் ஃபாங் ஜி' வந்திருக்கிறது. பேரில் பாதி ஒன்று, செடி வேறு. வந்தது அரிஸ்டோலோக்கியா குடும்பம். அதிலுள்ள அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் உண்டாக்கும். 2002இல் உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை அக்குடும்பத்து மூலிகை மருந்துகளைப் புற்றுநோய் தருபவை என்று அறிவித்தது.

நம் ஈஸ்வரமூலியும் ஆடுதின்னாப்பாளையும் அதே குடும்பம். நானும் இருபது வருஷம் இரண்டையும் நிறுத்து விற்றிருக்கிறேன், யாருக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமல். ஆடுகூடத் தின்னாது என்று பேரிலேயே இருக்கிறது, எனக்கு உறைக்கவில்லை. படித்த பிறகு வாங்குவதை நிறுத்தினேன். மற்ற சரக்குக்கும் பில்லில் தாவரப் பெயர் எழுதச் சொல்கிறேன். மொத்த வியாபாரிகள் சிரிக்கிறார்கள், எழுதியும் கொடுக்கிறார்கள்.

அன்பரின் பொட்டலத்தில் சீன எழுத்து மட்டும்தான் இருந்தது. உள்ளே என்னென்ன என்று தாவரப் பெயரோடு எழுதி வாங்கி வாருங்கள் என்று அனுப்பினேன். கேட்டிருக்கிறார், எழுதித் தரவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டார். குவளை வைத்துக்கொள்ள மட்டும் இன்னமும் போய் வருகிறார்.