வெற்றிலை சரி, பாக்கு வேண்டாமே!

நம் தாமிரபரணிக் கரையில் தாம்பூலத் தட்டு இல்லாமல் ஒரு விசேஷம் கிடையாது. ஆத்தூர் வெற்றிலைக்கு 2023-ல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. பந்தி முடிந்ததும் ஆச்சிமார் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை இடிப்பதைப் பார்த்தால் நமக்கும் ஆசை வரும். ஆனால் அந்த உரலில் சேரும் சாமான்களில் எது கெடுதல் என்று பிரித்துப் பார்த்திருக்கிறோமா?

"புகையிலைதான் கெடுதல், நான் வெறும் பாக்குத்தான் போடுதேன்" என்பார்கள். 2004-லேயே உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, புகையிலை சேராத வெற்றிலை பாக்கும் வாய்ப்புற்றை உண்டாக்கும் என்று சொல்லிவிட்டது. குற்றவாளி பாக்கு. பாக்கு மென்று மென்றே சிலருக்குக் கன்னம் உள்ளே இறுகி, வாயைச் சரியாகத் திறக்க முடியாமல் போய்விடுகிறது.

சரி, சாப்பாட்டால் தடுக்கலாமா? காய், பழம் நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கு வாய்ப்புற்று குறைவாக வருவதைப் பல நாட்டு ஆராய்ச்சிகளில் கண்டிருக்கிறார்கள். முருங்கைக்கீரை, பப்பாளி, பூசணி, காரட் இவற்றிலெல்லாம் பீட்டா கரோட்டின் என்ற மஞ்சள் சத்து இருக்கிறது. அது உடம்பில் சேரக் கொஞ்சம் எண்ணெயோ தேங்காயோ வேண்டும். முருங்கைக்காயும் காரட்டும் தேங்காய்ப்பாலில் வேகிற நம் சொதி அந்த வகையில் கெட்டிக்காரக் குழம்புதான்!

பக்கத்துத் திருவனந்தபுரத்தில் வட்டாரப் புற்றுநோய் மையத்து டாக்டர்கள், வாயில் வெள்ளைத் திட்டு இருந்த கேரள மீனவ மக்களுக்கு இந்தச் சத்துக்களை ஒரு வருஷம் கொடுத்துப் பார்த்து 1997-ல் முடிவை வெளியிட்டார்கள். வைட்டமின் ஏ சாப்பிட்டவர்களில் 100-க்கு 52 பேருக்கும், பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களில் 33 பேருக்கும் திட்டு மறைந்தது. வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 10 பேருக்குத்தான் மறைந்தது. ஆனால் மருந்தை நிறுத்தியதும் குணமானவர்களில் பாதிப் பேருக்கு மேல் திட்டு திரும்பி வந்துவிட்டது. ஆக, பாக்கை மென்றுகொண்டே கீரையும் தின்றால் கணக்கு நேராகிவிடும் என்று நினைக்க வேண்டாம்.

இதைப் படித்துவிட்டு மாத்திரை வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். கர்ப்பிணிகள் வைட்டமின் ஏ-யை அளவு மீறிச் சாப்பிட்டால் குழந்தைக்கு ஊனம் வரக்கூடும். பின்லாந்தில் பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்ட சிகரெட் பிடிப்பவர்களுக்கு நுரையீரல் புற்று அதிகமானது 1994-ல் தெரியவந்தது. கீரையாகச் சாப்பிட்டால் அந்தப் பயமில்லை.

வீட்டில் பாக்குப் போடும் மாமியாரோ, ஹான்ஸ் ஒதுக்கும் கொழுந்தனோ இருந்தால் மாதம் ஒரு தடவை டார்ச் அடித்து வாயைப் பாருங்கள். கன்னத்தின் உள்பக்கம், நாக்கின் ஓரம், நாக்குக்கு அடியில். துடைத்தாலும் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண், மூன்று விரலை அடுக்கி நுழைக்க முடியாத வாய், இதில் எது இருந்தாலும் பல் டாக்டரிடமோ, பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கோ கூட்டிப் போங்கள். வலி இல்லையே என்று அத்தை மறுப்பார்கள். ஆரம்பத்தில் அது வலிப்பதே இல்லை.