துப்பாக்கி கூறும் சான்று

மலைநாட்டுப் பங்களாச் சுவர்களில் தொங்கும் பழைய துப்பாக்கிகளைப் பற்றிப் போர்க்கதைகள் பல உலவும். கதையை விடுத்துக் குறிகளை நோக்குக. லீ-என்பீல்டு ஆயின், தாழ்ப்பாளின் கைப்பிடிக்குக் கீழுள்ள இரும்புப் பட்டையில் முடியும், அரசர் பெயரெழுத்தும், ஆண்டும் காணப்படும். அகன்ற அம்பொன்று அரசுடைமையைக் குறிக்கும். முனையோடு முனை முட்டும் ஈரம்புகளோ படையிலிருந்து விற்கப்பட்டமையைக் காட்டும். பளபளப்புக்காக இவற்றைத் தேய்த்தழிப்போர் சான்றையே அழிப்பவராவர்.

மரத்தண்டிற் பதித்த பித்தளை வட்டத்தில் படைப்பிரிவின் சுருக்கெழுத்து இருத்தல் கூடும். அது 'சி.பி.ஆர்.சி.' எனின், 1900இல் தோன்றி 1949இல் கலைந்த இலங்கைத் தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படையை நினைக்கலாம். அப்படையினர் சிலர் 1915இல் கலிப்பொலியில் சேனாபதி பேர்ட்வுட்டின் மெய்க்காவலராயினர். ஐரோப்பியர்க்கே உரிய அப்படையில், கொழுந்துக் கூடை சுமந்தோரின் பிள்ளைகட்கு இடமில்லை. அவர்தம் பெயரைத் தாங்கும் பித்தளை வட்டம் எத்துப்பாக்கியிலும் இல்லை.